திரும்பி வராத குண்டுவீச்சு விமானங்களும் பிறகு வந்த பதக்கங்களும்

மழைநகரத்தான் (தைப்பிங்)

வணக்கம். போன ஞாயிறு காலை பசியாறிவிட்டு மகனுடன் தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். புக்கிட் லாருட் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான். அந்த இடத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், வண்டியை நிறுத்தி உள்ளே நடந்தது மிகக் குறைவு.

அங்கே ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃபின் கல்லறை இருக்கிறது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர். அவர் கதையை மகனுக்குச் சொன்னேன், இங்கேயும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1941 டிசம்பர் 9. ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோராவிலும் இறங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சிங்கோரா என்பது இன்றைய சொங்க்லா. அங்கிருந்த விமானத் தளத்தைப் பகலிலேயே தாக்கச் சொல்லி பட்டர்வொர்த்தில் இருந்த பிளென்ஹைம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களுக்கு உத்தரவு வந்தது. தலைமை ஏற்றிருந்த ஸ்கார்ஃப் முதலில் மேலே ஏறினார். மற்றவை ஓடுபாதைக்கு வருவதற்குள் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. கீழே ஒன்றுகூடப் பறக்கும் நிலையில் இல்லை. மேலே வட்டமிட்டபடி இதைப் பார்த்த ஸ்கார்ஃப் தனியாகவே எல்லையைத் தாண்டிப் போய்க் குண்டுகளைப் போட்டார். திரும்பும்போது எதிரி விமானங்கள் சூழ்ந்துகொண்டன. இடது கை சிதைந்தது, முதுகில் பெரிய காயம். நினைவு வருவதும் போவதுமாக இருந்தவர் எப்படியோ அலோர் ஸ்டார் வரை வந்து விமானத்தை இறக்கினார். கூட இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவர் அங்கே மருத்துவமனையில் இறந்தார். வயது 28.

எல்லாம் கேட்டுவிட்டு மகன் ஒன்று கேட்டான். "கூட இருந்தவங்க யாருப்பா? அவங்களுக்கு என்ன கொடுத்தாங்க?"

பிளென்ஹைமில் மூன்று பேர் பறப்பார்கள் என்று தெரியும். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. வீடு வரும் வழியெல்லாம் அதே யோசனை. விமானம் எல்லோரையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. பதக்கம் ஏன் ஒருவருக்கு மட்டும் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

விமானக்காதலன் (சென்னை)

மழைநகரத்தான் அண்ணா, உங்கள் மகனுக்கு முதலில் என் வாழ்த்து. பல வருடம் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி வரவே நெடுநாள் ஆயிற்று.

கூட இருந்தவர்கள் நேவிகேட்டர் (வழி கணிப்பவர்) கால்டர், கன்னர் (துப்பாக்கி இயக்குபவர்) ரிச். ஸ்கார்ஃப் இருக்கையில் சரிந்தபோது ரிச் தன் துப்பாக்கிக் கூண்டிலிருந்து இறங்கி வந்து பின்னாலிருந்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கால்டர் பக்கத்திலிருந்து கட்டுப்பாடுகளைப் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கடைசிப் பயணத்தை மூன்று பேருமாகச் சேர்ந்துதான் ஓட்டினார்கள்.

இப்போது பதக்க விஷயம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எதிரியுடன் மோதி இறந்துபோன ஒருவரின் வீரத்துக்குப் பிரிட்டிஷ் அரசு இரண்டைத்தான் கொடுக்க முடியும். ஒன்று விக்டோரியா கிராஸ், மிக உயர்ந்தது. மற்றொன்று 'மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்', அதாவது தளபதியின் அறிக்கையில் பெயர் வருவது, மிகக் கீழ்ப்படி. நடுவில் இருக்கிற டி.எஸ்.ஓ., டி.எஃப்.சி., டி.எஃப்.எம். போன்ற வீரப் பதக்கங்கள் எதையும் இறந்தவருக்குக் கொடுக்க விதியில் இடமில்லை. அவர் இறப்பதற்கு முன்பே செய்த வேறொரு செயலுக்காக, இறப்புக்கு முந்தைய தேதி போட்டுத்தான் கொடுப்பார்கள்.

விளைவைப் பாருங்கள். ஒரு விமானி தன் ஆட்களைக் காப்பாற்றி உயிரோடு வந்தால் டி.எஃப்.சி. கிடைக்கலாம். அதையே செய்து இறந்துபோனால், விக்டோரியா கிராஸ் அளவுக்கு யாராவது பரிந்துரைத்தால் உண்டு. இல்லையென்றால் அறிக்கையில் ஒரு வரி, அல்லது அதுவும் இல்லை. இந்த விதி 1979-ல்தான் மாறியது. அதற்குள் அந்தத் தாய்தந்தையர் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

விக்டோரியா கிராஸே தொடக்கத்தில் இறந்தவர்களுக்குக் கிடையாது. 1902-ல்தான் அப்படி முதன்முதலாகச் சிலருக்குக் கொடுத்தார்கள், 1907-ல் பல ஆண்டுகளுக்கு முன் இறந்த சிலருக்கும் கொடுத்தார்கள்.

---

மலர்ச்செவிலி (அலோர் ஸ்டார்)

தம்பிகளே, நான் ஓய்வு பெற்ற தாதி. இதே அலோர் ஸ்டாரில் வாழ்க்கை முழுக்க வேலை பார்த்தவள். ஸ்கார்ஃப் கதையில் எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள், அவளைச் சொல்லாமல் விடக்கூடாது.

அவர் மனைவி சாலி அந்த மருத்துவமனையிலேயே தாதியாக இருந்தார். கணவன் சிதைந்த கையோடு வந்து சேர்ந்தது மனைவி வேலை செய்யும் இடத்துக்கே. தன் இரத்தத்தைக் கொடுத்தார். அப்படியும் அவர் பிழைக்கவில்லை. அடுத்த சில நாட்களில் ஜப்பானியப் படை வந்துவிட்டது, எல்லோரும் தெற்கே ஓடவேண்டியதாயிற்று. கணவனைப் புதைத்த ஊரை விட்டுவிட்டு ஓடுவது எப்படி இருந்திருக்கும்!

வார்டில் இருந்தவளாக ஒன்று சொல்கிறேன். மயக்கம் வந்து வந்து போகிற ஆளை நிமிர்த்திப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. தரையில், நாலு பேர் சுற்றி நிற்கும்போதே கை வலித்துப்போகும். ஆடிக்கொண்டிருக்கிற விமானத்தில், எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கன்னர் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

---

மழைநகரத்தான்

அக்கா, நன்றி. இதை மகனிடம் வாசித்துக் காட்டினேன். ரிச் பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

விமானக்காதலன், இன்னொன்று. ஸ்கார்ஃபுக்குப் பதக்கம் 1946-ல்தான் அறிவித்தார்கள் என்று படித்தேன். நாலரை வருடம் ஏன்?

---

விமானக்காதலன்

மலாயா விழுந்த வேகத்தில் ஸ்குவாட்ரன் (விமான அணி) ஆவணங்கள் போயின, ஆட்கள் சிதறினார்கள், பலர் சிறைப்பட்டார்கள். என்ன நடந்தது என்று எழுதி மேலே அனுப்ப வேண்டிய அமைப்பே கலைந்துபோயிற்று. போர் முடிந்து உயிரோடு இருப்பவர்கள் பேசிய பிறகுதான் செய்தி லண்டனுக்குப் போனது. 1946 ஜூன் மாதம் அரசிதழில் வந்தது.

இந்தப் பதக்கங்களின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது. பார்த்தவர் யாராவது பிழைத்து வந்து சொல்ல வேண்டும். லெஸ்லி மான்சரை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுதில்லியில் 1922-ல் பிறந்தவர், அப்பா இந்திய அஞ்சல் தந்தித் துறையில் பொறியாளர். 1942 மே 30 இரவு கொலோன் நகரத்தின் மீது பிரிட்டன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை அனுப்பியது. மான்சர் ஓட்டியது அவ்ரோ மான்செஸ்டர். எஞ்சின் கோளாறுக்குப் பெயர்போன விமானம். குண்டு போட்டபின் அடிபட்டு ஒரு எஞ்சின் தீப்பிடித்தது. உடனே எல்லோரும் குதித்திருந்தால் சிறைப்பட்டாலும் உயிர் பிழைத்திருக்கும். அவர் எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். பெல்ஜியத்தின் மேல் வரும்போது இனி முடியாது என்று தெரிந்தது. எல்லோரையும் குதிக்கச் சொன்னார். இரண்டாவது விமானியாக இருந்த பேவிஸ்டாக் பாராசூட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். மான்சர் கையை அசைத்து, போ என்றார். கைப்பிடியை விட்டால் விமானம் அந்தக் கணமே கவிழ்ந்துவிடும் நிலை. பேவிஸ்டாக் குதித்தபோது உயரம் அவ்வளவு குறைவு, பாராசூட் முழுதாக விரியவே இல்லை. தண்ணீர் நின்ற பள்ளத்தில் விழுந்ததால் தப்பினார். விமானம் பிரே என்ற ஊருக்குப் பக்கத்தில் மோதி எரிந்தது. மான்சருக்கு அப்போது 20 வயது.

குதித்த ஆறு பேரில் ஒருவர் பிடிபட்டார். மற்ற ஐந்து பேரை பெல்ஜிய மக்கள் ஒளித்துவைத்து, 'கோமெட்' என்ற இரகசியப் பாதை வழியாக பிரான்ஸ், ஸ்பெயின், ஜிப்ரால்டர் என்று கடத்தி இங்கிலாந்து சேர்த்தார்கள். அவர்கள் சொன்ன சாட்சியால்தான் அதே வருடம் அக்டோபரில் மான்சருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. முன்பின் தெரியாத பெல்ஜியக் குடும்பங்கள் உயிரைப் பணயம் வைத்து அந்த ஐந்து பேருக்குச் சோறு போட்டிராவிட்டால் நமக்கு மான்சர் பெயரே தெரிந்திருக்குமா?

---

பழைய ஏர்மேன் (தாம்பரம்)

நான் நம் விமானப்படையில் தரைப்பிரிவில் இருந்தவன். ஏர்ஃப்ரேம் வேலை. அந்தக் காலத்து நாலு எஞ்சின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரைத் தொட்டதில்லை, ஆனால் வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடியை விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப அதுதான் வருகிறது.

லங்காஸ்டரில் ஏழு பேர். மூக்கில் குண்டு எறிபவர். அவருக்குப் பின்னால் பைலட், பக்கத்தில் பிளைட் எஞ்சினியர். பிறகு நேவிகேட்டர், வானொலி இயக்குபவர். முதுகில் ஒரு கன்னர், வாலில் ஒரு கன்னர். முன்பக்கம் இருப்பவர்கள் குதிக்க வேண்டிய வழி மூக்கின் தரையில் இருக்கிற சின்னக் கதவு, குறுகிய பக்கம் 22 அங்குலம். கனத்த உடை, மார்பில் மாட்டிய பாராசூட்டோடு, இருட்டில், ஒவ்வொருவராக நுழைந்து வெளியேற வேண்டும். நடுவில் இறக்கையின் முதன்மை உத்தரம் உடலுக்குக் குறுக்கே போகிறது, அதைத் தாண்டி ஏறி வரவேண்டும்.

விமானம் நேராகப் பறந்தால் இது நடக்கும். சுழல ஆரம்பித்தால் சுழலும் விசையில் ஆள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்வான், கையைத் தூக்க முடியாது. அதனால் யாராவது ஒருவர் கடைசி வரை அதை நேராகப் பிடித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் பைலட். அவர் எழுந்தவுடன் விமானம் கவிழும். பைலட்டுகளுக்கு நிறைய விக்டோரியா கிராஸ் கிடைத்ததற்கு அதிகாரி என்ற பாரபட்சம் ஓரளவு காரணமாக இருக்கலாம், ஆனால் அந்த இருக்கையின் வேலையும் ஒரு காரணம்.

வால் கன்னரின் நிலை இன்னும் மோசம். அவர் கூண்டுக்குள் பாராசூட் வைக்க இடமில்லை, வெளியே உடல்பகுதியில் மாட்டியிருக்கும். கூண்டைத் திருப்புவது ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தில். அது அறுந்துவிட்டால் கூண்டு சிக்கிக்கொள்ளும், மனிதன் உள்ளே.

---

ஹாமில்டன்காரர் (கனடா)

பழைய ஏர்மேன் ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்னது அப்படியே நடந்தது. நான் இருப்பது ஒன்ராறியோவில் ஹாமில்டன் பக்கம். இங்கே விமான நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் ஒரு லங்காஸ்டர் இருக்கிறது. உலகத்தில் இன்றும் பறக்கிறவை இரண்டுதான், ஒன்று இங்கிலாந்தில், மற்றது இது. கோடையில் எங்கள் வீட்டுக்கு மேலே போகும்போது நாலு எஞ்சினின் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். அது சுமப்பது ஆண்ட்ரூ மைனார்ஸ்கி பறந்த விமானத்தின் அடையாள எழுத்துகளை.

மைனார்ஸ்கி வின்னிபெக் ஊர்க்காரர், போலந்திலிருந்து குடியேறியவர்களின் மகன். 419-வது ஸ்குவாட்ரனில் முதுகுக் கூண்டு கன்னர். 1944 ஜூன் 12 நள்ளிரவுக்குப் பிறகு பிரான்ஸின் காம்ப்ரே ரயில் நிலையத்தைத் தாக்கப் போகும் வழியில் ஜெர்மன் விமானம் சுட்டது. இடது பக்க எஞ்சின்கள் இரண்டும் போயின, உள்ளே தீ. விமானி குதிக்கச் சொன்னார். மைனார்ஸ்கி வெளியேறும் கதவுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், வால் கன்னர் பேட் பிராஃபி கூண்டுக்குள் மாட்டியிருக்கிறார். ஹைட்ராலிக் அறுந்துவிட்டது.

மைனார்ஸ்கி தீக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் அடித்தார், வெறுங்கையால் இழுத்துப் பார்த்தார். உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. பிராஃபியே போய்விடு என்று சைகை காட்டினார். மைனார்ஸ்கி எரியும் உடையோடு பின்னாலேயே தவழ்ந்து கதவுக்கு வந்து, நிமிர்ந்து நின்று நண்பனுக்கு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். கீழே வந்து சேர்ந்தவரை பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயத்தில் இறந்துபோனார்.

ஆனால் விமானம் தரையில் மோதியபோது அந்த அடியிலேயே வால் கூண்டு கழன்று பிராஃபி வெளியே தூக்கி எறியப்பட்டார். உயிரோடு! பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தார் அவரை ஒளித்துவைத்தார்கள். செப்டம்பரில் லண்டன் வந்த பிறகுதான் மைனார்ஸ்கி இறந்தது அவருக்குத் தெரிந்தது. அந்தக் கூண்டுக்கு முன்னால் நடந்ததைப் பார்த்தது உலகத்தில் அவர் ஒருவர்தான். அவர் சொல்லி, 1946 அக்டோபரில் விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். எந்த மனிதனைக் காப்பாற்ற முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே மைனார்ஸ்கி இறந்தாரோ, அதே மனிதன்தான் சாட்சி.

பிராஃபி அந்த மோதலில் இறந்திருந்தால் இது ஒரு சாதாரண இழப்புப் பதிவு. லங்காஸ்டர் ஒன்று வீழ்ந்தது, இருவர் இறப்பு, அவ்வளவுதான்.

---

வைகைக்கரை (மதுரை)

எல்லாவற்றையும் படித்தேன். மான்சர், மைனார்ஸ்கி இருவரையும் நினைத்தால் கண் கலங்குகிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மான்சர் போன அந்தக் கொலோன் இரவில் கீழே நானூறுக்கும் மேற்பட்ட மக்கள் இறந்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் ஹாம்பர்க் நகரம் நெருப்புப் புயலில் எரிந்தது, பல்லாயிரம் பேர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன், சுமார் 25,000 பேர். அவர்களில் குழந்தைகள் எத்தனை, கிழவிகள் எத்தனை. அந்த விமானங்களில் போனவர்களுக்கு வீரப் பதக்கம் என்றால், கீழே பதுங்கு அறையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு மூச்சுத் திணறிச் செத்த தாய்க்கு யார் என்ன கொடுத்தார்கள்?

---

விமானக்காதலன்

கோபம் எதற்கு ஐயா. இந்தக் கேள்வி இல்லாமல் இதைப் பேசினால் அது முழுமையாகாது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நாம் மேலே பேசிய மான்சரும் மைனார்ஸ்கியும் பதக்கம் பெற்றது கூட இருந்தவனைக் காப்பாற்றியதற்கு. தன் சாவு உறுதி என்று தெரிந்தும் இன்னொருவன் குதிக்க ஒரு நிமிடம் கொடுத்ததற்கு. அதை நான் தலைவணங்கி மதிக்கிறேன். நகரங்களைக் குறிவைத்த அந்த உத்தரவை மதிக்கச் சொன்னால் என்னால் முடியாது. உத்தரவு போட்டவர்கள் வேறு, சராசரி 22 வயதில் இருட்டில் ஏறிப் போனவர்கள் வேறு.

பிரிட்டனுக்கே இந்தச் சங்கடம் இருந்தது. பாம்பர் கமாண்டில், அதாவது விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில், பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், அதில் 55,573 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44. அப்படியிருந்தும் அவர்களுக்கென்று தனிப் போர்ப்பதக்கம் தரவில்லை. லண்டன் கிரீன் பார்க்கில் நினைவகம் திறந்தது 2012-ல்தான். 2013-ல் பதக்க நாடாவில் மாட்டும் ஒரு சின்னப் பட்டை கொடுத்தார்கள், அதற்குள் பெரும்பாலானோர் இல்லை. அந்த நினைவகத்தில், 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்கிறோம் என்றும் பொறித்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அது போதுமான பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

---

வைகைக்கரை

அந்த வரி இருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. சரி, ஏற்றுக்கொள்கிறேன் தம்பி, என் கேள்வி என்னிடமே இருக்கட்டும். நீங்கள் தொடருங்கள்.

---

ஹாமில்டன்காரர்

சாட்சி பற்றிச் சொன்னீர்களே, அமெரிக்கர்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன். அவர்கள் பகலில், கூட்டமாக அணிவகுத்துப் பறந்தார்கள். பிரிட்டிஷ், கனடிய விமானங்கள் இரவில், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

1943 ஆகஸ்ட் 1, ருமேனியாவின் பிளோயெஸ்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். லிபியாவிலிருந்து கிளம்பிய பி-24 குண்டுவீச்சு விமானங்கள் மரத்தை உரசும் உயரத்தில் போய்த் தாக்கின. 54 விமானங்களை இழந்தார்கள். அந்த ஒரே தாக்குதலுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் ஐந்து, அதில் மூன்று இறந்தவர்களுக்கு. அடிசன் பேக்கர், ஜான் ஜெர்ஸ்டாட் இருவரும் ஒரே விமானத்தை ஓட்டினார்கள். இலக்குக்கு முன்பே தீப்பிடித்தது. இறக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம், ஆனால் பின்னால் வருகிற அணி இவர்களைப் பார்த்துத்தான் வழி பிடிக்கிறது. எரிந்துகொண்டே இலக்கைக் கடந்து, பிறகு ஆட்கள் குதிக்கட்டும் என்று மேலே ஏற்றினார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த விமானங்களில் இருந்தவர்கள் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். இருவருக்கும் பதக்கம் கிடைத்தது. பேக்கரின் எலும்புகளை அடையாளம் கண்டது 2022-ல்தான்.

அதே செயல் ஒரு நவம்பர் இரவில் ஜெர்மனிக்கு மேல் நடந்திருந்தால்? தூரத்தில் போகிற இன்னொரு விமானத்தின் நேவிகேட்டர், 'நேரம் இன்னது, ஒரு விமானம் எரிந்து விழக் கண்டோம்' என்று ஏட்டில் குறித்திருப்பார். முடிந்தது.

---

விமானக்காதலன்

மிகச் சரி. நான் இப்படி யோசித்ததில்லை. பிரிட்டிஷ் பக்கத்திலும் அதற்கு உதாரணம் இருக்கிறது. ராபர்ட் பால்மர், 1944 டிசம்பர் 23, கொலோன் ரயில் முற்றம், பகல் தாக்குதல். எரியும் லங்காஸ்டரை நேராகப் பிடித்து முன்னின்று குண்டு போட்டார். அவர் குழுவில் தப்பியது வால் கன்னர் ஒருவரே. ஆனால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கண்ணால் கண்டார்கள், மூன்றே மாதத்தில் விக்டோரியா கிராஸ் அறிவிப்பு வந்துவிட்டது.

இப்போது எதிர்ப்பக்கம். 1944 மார்ச் 30 இரவு, நியூரம்பர்க். போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. பாம்பர் கமாண்டுக்கு அதைவிட மோசமான இரவு இல்லை. அந்த இரவுக்கு ஒரே ஒரு விக்டோரியா கிராஸ். சிரில் பார்ட்டன், ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானத்தின் விமானி, வயது 22. சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டு நேவிகேட்டர் உட்பட மூன்று பேர் ஜெர்மனிக்கு மேலேயே குதித்துவிட்டார்கள். அவர் இருட்டில் வழிகாட்டி இல்லாமல் இலக்குக்கும் போய், இங்கிலாந்துக் கரைக்கும் வந்து சேர்ந்தார். எரிபொருள் தீர்ந்து ரைஹோப் என்ற நிலக்கரி ஊரில், வீடுகள் மேல் விழாமல் திருப்பி மோதினார். அவர் இறந்தார், கூட இருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். அவர்கள் இங்கிலாந்து மண்ணிலேயே இருந்ததால் உடனே சொல்ல முடிந்தது.

மற்ற 95 விமானங்களில் அன்று யார் யாருக்காக என்ன செய்தார்கள்? யாருக்கும் தெரியாது. அத்தனை விமானத்திலும் ஒரு பார்ட்டன்கூட இல்லை என்று நான் நம்பவில்லை.

---

மழைநகரத்தான்

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் மகன் கேட்டது "கூட இருந்தவர்களுக்கு என்ன" என்று. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சாட்சி இல்லாதவர்களுக்கு என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

---

பழைய ஏர்மேன்

சாட்சி இருந்தும் கிடைக்காதவர்களும் உண்டு. 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளை உடைத்த தாக்குதல் எல்லோருக்கும் தெரியும். 19 விமானம், 133 பேர், 8 விமானம் திரும்பவில்லை, 53 பேர் இறப்பு. தலைமை தாங்கிய கிப்சனுக்கு விக்டோரியா கிராஸ். மோனே அணையில் இரண்டாவதாகப் போன ஹாப்குட், விமானம் எரிகிறது என்று தெரிந்ததும் ஆட்கள் குதிக்க உயரம் வேண்டும் என்று அதை மேலே இழுத்தார். இருவர் குதித்துப் பிழைத்தார்கள், சிறைக்குப் போனார்கள். ஹாப்குட் விமானத்தோடு போனார். அந்த இரவுக்காக அவருக்கு ஒரு பதக்கமும் இல்லை. திரும்பி வந்தவர்களில் 34 பேருக்குக் கிடைத்தது.

நான் படையில் இருந்தவன், திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விமானக்காதலன் சொன்ன அந்த விதி ஹாப்குட் விஷயத்தில் எவ்வளவு கொடுமையானது பாருங்கள்.

---

விமானக்காதலன்

அந்த விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியும் ஐயா. மலேசிய நண்பர்களுக்கு இதில் ஒரு தொடர்பும் உண்டு.

97-வது ஸ்குவாட்ரனுக்கு 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' என்று பெயர், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த அந்த நீரிணைக் குடியேற்றங்களின் பெயர். 1942 ஏப்ரல் 17, ஆக்ஸ்பர்க் நகரில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு டீசல் எஞ்சின் செய்த எம்.ஏ.என். ஆலையை 12 லங்காஸ்டர்கள் பட்டப்பகலில் தாழப் பறந்து தாக்கின. 44-வது ஸ்குவாட்ரனிலிருந்து ஆறு, 97-லிருந்து ஆறு. ஏழு திரும்பவில்லை. 44-வது ஸ்குவாட்ரனின் நெட்டில்டன் திரும்பி வந்தார், விக்டோரியா கிராஸ் கிடைத்தது. 97-ஐ வழிநடத்திய ஜான் ஷெர்வுட் எரிந்து விழுவதை மற்றவர்கள் பார்த்தார்கள். அவருக்கும் விக்டோரியா கிராஸ் பரிந்துரைத்தார்கள். ஆனால் மேலிடத்தில், இவர் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால் டி.எஸ்.ஓ. போதும் என்று குறிப்பு. ஷெர்வுட் உண்மையிலேயே பிழைத்திருந்தார். மோதியபோது இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, சிறைப்பட்டார். அவர் குழுவில் அவர் ஒருவரே மிச்சம். கிடைத்தது டி.எஸ்.ஓ.

ஒரே மனிதர், ஒரே செயல். இறந்திருந்தால் ஒன்று, இருந்தால் வேறொன்று.

நெட்டில்டனும் அடுத்த வருடம் ஜூலையில் டூரின் தாக்குதலிலிருந்து திரும்பவில்லை, கல்லறை கிடையாது. லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் நினைவகத்தில் அவர் பெயர் இருக்கிறது, கல்லறை இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்களுக்கு நடுவில்.

---

மலர்ச்செவிலி

டூரின் என்றதும் நினைவு வந்தது. மிடில்டன் என்ற ஆஸ்திரேலியப் பையன் கதையை எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

---

விமானக்காதலன்

1942 நவம்பர் 28 இரவு அக்கா. ஸ்டெர்லிங் விமானம், இத்தாலியின் டூரின். குண்டுச் சிதறலில் வலது கண் போய்விட்டது, தாடையில் காயம், பேசினாலே இரத்தம். அந்த நிலையில் ஆல்ப்ஸ் மலையைத் திரும்பக் கடந்து, இங்கிலாந்துக் கரை வரை கொண்டுவந்தார். எரிபொருள் சில நிமிடத்துக்குத்தான் இருந்தது. ஐந்து பேர் நிலத்தின் மேல் குதித்துப் பிழைத்தார்கள். இருவர் அவருக்கு உதவியாகக் கடைசிவரை நின்று, பிறகு குதித்துக் கடலில் இறந்தார்கள், ஜெஃப்ரி, மேக்கி என்று பெயர். மிடில்டன் விமானத்தோடு கடலில் போனார். அவர் உடல் பிப்ரவரி முதல் தேதி டோவர் கரையில் ஒதுங்கியது. விக்டோரியா கிராஸ் மிடில்டனுக்கு.

அந்த இரண்டு பெயரையும் உங்கள் மகனின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், மழைநகரத்தான் அண்ணா. விமானப்படையின் கடலோரப் பிரிவில் இன்னும் மூன்று பெயர்: ஸ்காட், மல்லிஸ், ஹில்மன். 1941 ஏப்ரல் 6, பிரெஸ்ட் துறைமுகத்துக்குள் நுழைந்து நைசனாவ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்த போஃபோர்ட் விமானத்தில் கென்னத் கேம்ப்பெல்லோடு இருந்தவர்கள். நான்கு பேரும் இறந்தார்கள். கப்பல் சுமார் ஆறு மாதம் முடங்கியது. ஜெர்மானியர்களே நால்வரையும் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். விக்டோரியா கிராஸ் கேம்ப்பெல்லுக்கு மட்டும். எதிரி நான்கு பேருக்கும் சமமாக மரியாதை செய்தான் என்பது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

---

மழைநகரத்தான்

எழுதிவிட்டான். கால்டர், ரிச், ஜெஃப்ரி, மேக்கி, ஸ்காட், மல்லிஸ், ஹில்மன், ஹாப்குட். பக்கத்தில் எந்த விமானம், எந்தத் தேதி என்றும் போட்டிருக்கிறான். பிராஃபியைப் போடலாமா என்று கேட்டான், அவர் பிழைத்தவராயிற்றே என்று. போடு என்றேன்.

தைப்பிங் தோட்டத்தில் பெயர் தெரியாத கல்லறைகள் நிறைய, பெயர் உள்ளவற்றைவிட அதிகம் என்றே தோன்றியது. சாலையின் மறுபக்கம் இந்தியப் படையினர். அன்று அவசரத்தில் அந்தப் பக்கம் போகவே இல்லை. வரும் சனிக்கிழமை மழை இல்லையென்றால் காலையிலேயே போகிறோம். அலோர் ஸ்டார் அக்கா, நீங்கள் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், பேருந்து நிலையத்துக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

---

மலர்ச்செவிலி

வருகிறேன் தம்பி. வெள்ளிக்கிழமை இரவே கிளம்பி என் தங்கை வீட்டில் தங்கிக்கொள்கிறேன். பூ நான் கொண்டுவருகிறேன். ஸ்கார்ஃபுக்கு மட்டும் வைக்காமல் அந்தப் பெயர் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும், எத்தனை கல் இருக்கும் என்று தோராயமாக எண்ணிச் சொல்.